புடலங்கொடியில் தொங்கிய பற்றரிகள்

புடலங்கொடியின் இலையைக் கையால் கசக்கினால் ஒரு நாற்றம் வரும். அதை வாசனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டு ஒரு கிழமை கழித்து எடுத்தால் வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பந்தலுக்குக் கீழே விளையாடிவிட்டு வந்தால் அது தலைமயிரிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வரும். அம்மா என்னைக் குசினி வாசலிலேயே மறித்துக் கைகால் கழுவ அனுப்புவார். அதே கொடிதான் பொழுது சாயும்போது வெள்ளை நூலைப் பிரித்து விட்டதைப் போன்ற பூக்களை விரிக்கும். இன்றைக்கும் மரக்கறிக் கடையில் அந்த நாற்றம் மூக்கில் பட்டால் நான் அடுத்த தட்டுக்கு நகர்ந்துவிடுகிறேன்.

போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் தலைநகரில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் கோட்டைப் பகுதியில் எழுதுவினைஞர் வேலை. எனக்குப் பத்து வயதிருக்கும். அம்மாவின் கடைசித் தம்பி யோகன் மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு சேர்ந்தது அப்போதுதான். வெளிநாடு போவதற்கென்று வந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளில் இப்படியொரு மாமாவோ சித்தப்பாவோ ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் "ஏஜென்சிக்காரன்" வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வீதியில் இறங்கினால் சந்திக்குச் சந்தி இராணுவத்தின் "செக் பொயின்ற்". அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி உள்ள இளைஞன் பாண் வாங்கப் போனாலும் வீட்டில் இருப்பவர்கள் அவன் திரும்பி வரும்வரை வாசலில் நிற்பார்கள். மாமா வெளியே போக வேண்டி வந்தால் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே பாடத்தைச் சொல்லி அனுப்புவார்: "கையைப் பொக்கற்றுக்குள்ளை விடாதை தம்பி. ரெண்டு கையும் அவங்களுக்குத் தெரியிற மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு நட."

பிறகு அதுவும் வேண்டாம் என்று அவரை வாசலைத் தாண்டவே விடவில்லை. ஊரில் வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்த மனிதர், இங்கே நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கதைத்தால் "ஓம்" என்பார், அவ்வளவுதான். "உவன் இப்படியே இருந்தானெண்டால் விசரனாப் போயிடுவான்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பின்வளவில் ஏதாவது நடச் சொன்னவரும் அம்மாதான்.

பின்வளவு என்று பெரிய சொல்லாகச் சொல்லிவிட்டேன். குசினிச் சுவருக்கும் மதிலுக்கும் இடையில் நாலைந்து பாய் விரிக்கக்கூடிய ஒரு துண்டு நிலம், அவ்வளவே. மாமா வீட்டுக்காரரிடம் அலவாங்கை இரவல் வாங்கிக் கிண்டினார். மண்ணைவிடக் கல்தான் கூடுதலாக வந்தது. வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன உடைந்த செங்கல், சீமெந்துக் கட்டி, கருங்கல் எல்லாவற்றையும் எடுத்து மதிலோரம் முழங்கால் உயரத்துக்கு அடுக்கினார். வாசிப்பவர்கள் அந்தக் கல் அடுக்கை மறந்துவிடக் கூடாது. பின்னால் அது தேவைப்படும்.

மிஞ்சியது கடல் மணல். அதற்கு எருப் போட வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். அம்மாவும் நானும் கால்வாய்ப் பக்கம் மேயும் மாடுகளின் சாணியை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு வந்தோம். காவலரணில் நின்ற சிப்பாய் பையைக் காட்டி "மே மொனவாத?" என்று, இது என்னவென்று, சிங்களத்தில் கேட்டான். அம்மா பையை அகல விரித்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தார். அவன் முகம் போன போக்கைப் பார்த்து மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகு, பூட்டை இரண்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்தார்.

இவ்வளவு பாடுபட்டும் முதலில் வைத்ததெல்லாம் வீணாய்ப்போனது. தக்காளிக் கன்றுகளின் நுனியைக் கடலிலிருந்து வந்த உப்புக்காற்று கருக்கியது. மிளகாய் இலைகள் சுருண்டுகொண்டன. கீரையைப் பெரிய நத்தைகள் வந்து தண்டு மட்டும் மிஞ்சத் தின்றன. வெண்டி மட்டும் காய்த்தது. கைப்பிடி வெண்டிக்காயில் வைத்த குழம்பை அப்பா கோயில் பிரசாதத்தைப் போல உள்ளங்கையை வழித்துச் சாப்பிட்டார். அடுத்த மழையில் தண்ணீர் நின்று வெண்டியும் வேரழுகிச் சரிந்தது. ஒவ்வொன்றும் பட்டுப்போகும்போது மாமா திரும்பவும் அந்தக் கதிரைக்கே போய்விடுவார். அம்மா கன்றுக்காகக் கவலைப்படவில்லை, கதிரைக்குத்தான் பயந்தார்.

அதனால்தான் புடலங்கொடி எங்கள் வீட்டில் அத்தனை பெரிய காரியமாகப் போனது. மரக்கறிக்காரன் பழுத்துவிட்டதென்று எறிந்த காயிலிருந்து எடுத்த விதை அது. உப்புக்காற்றும் நத்தையும் அதை ஒன்றும் செய்யவில்லை. உடுப்புக் காயப்போடும் கம்பியையும் பழைய கட்டில் சட்டத்தையும் வைத்து மாமா பந்தல் போட்டார். கொடி அதை மூடிப் படர்ந்தது. மாமா சாப்பாட்டு மேசையில் கதைக்கத் தொடங்கினார், என்னைச் சீண்டவும் தொடங்கினார். பிஞ்சு விட்ட அன்று அவர் என்னைத் தோளில் தூக்கிக் காட்டியதை மறக்க முடியாது.

புடலங்காய் சுருளாமல் நேராக வளர வேண்டுமென்றால் அதன் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். மாமா கல்லைக் கட்டவில்லை. பற்றரி கட்டினார். ரேடியோவிலும் டோர்ச்சிலும் போட்டு முடிந்துபோன தடித்த பற்றரிகள். அப்போது குண்டு செய்ய உதவும் என்று வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட சாமான்களில் பற்றரியும் ஒன்று. ஊரில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டார்களாம். முடிந்த பற்றரியையும் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார்களாம். அந்தப் பழக்கத்தில் மாமா எங்கள் வீட்டில் கழிந்த பற்றரிகளையும், மேல்வீட்டுக்காரர் குப்பையில் போட்டவற்றையும் எடுத்து யன்னல் விளிம்பில் அடுக்கி வைத்திருந்தார். பெரிய காய்க்கு இரண்டு பற்றரிகளைச் சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றினார். கயிறு மழைக்கு உக்கிவிடும் என்று, பழுதாய்ப்போன மேசை விசிறியின் வயரை உரித்துக் கட்டினார்.

"உவ்வளவு கல்லுக் கிடக்கேக்கை உனக்கு ஏனடா பற்றரி?" என்று அம்மா சிரித்துக்கொண்டு கேட்டார்.

"எறிய மனம் வரேல்லை அக்கா. ஊரிலை உது கிடந்தால் ஒரு வீடே செய்தி கேக்கும்" என்றார் மாமா.

காய்கள் பந்தலிலிருந்து நூல் பிடித்ததைப் போல நேராக இறங்கின. அவற்றில் ஒன்றையாவது நாங்கள் பறித்துச் சமைக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மாமா அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் விடியற்காலையில் ஒழுங்கையை இராணுவம் வளைத்தது. அதை நாங்கள் "ரவுண்டப்" என்போம். அது புதிதல்ல, அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டுகளையும் அம்மா எப்போதும் சாமித்தட்டில்தான் வைத்திருப்பார். வந்தவர்கள் பார்த்தார்கள், மாமாவின் பத்திரங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாய் குசினிக் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் போனான்.

அவன் கத்தியது மட்டும்தான் எனக்குத் தெரியும். அடுத்த நிமிடம் எல்லோரும் ஓடினார்கள். எங்களைத் தள்ளிக்கொண்டு போய் ஒழுங்கையில் நிலத்தில் இருத்தினார்கள். மாமாவை மட்டும் கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டி முழங்காலில் நிற்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ போய்ப் பார்த்து, வயரில் தொங்கியவை குண்டுகள் அல்ல, வெறும் பற்றரிகள்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எங்களைத் திரும்பப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு இளம் சிப்பாய், தங்கள் வீட்டிலும் "பதோல"வுக்கு, அதாவது புடலைக்கு, இப்படிக் கல் கட்டுவார்கள் என்று சிங்களத்தில் சொன்னான். அவனை நான் இன்றும் நல்லவனாகவே நினைத்திருக்கிறேன். ஆனால் அவன் சொன்ன "கல்"தான் பக்கத்தில் நின்ற அவர்களுடைய அதிகாரியின் காதில் விழுந்தது. அவர் மதிலோரம் இருந்த கல் அடுக்கைப் பார்த்தார். பிறகு காலால் அதைத் தட்டிக் காட்டி, இவ்வளவு கல் இருக்கும்போது எதற்குப் பற்றரி என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டு கேட்ட அதே கேள்வி.

அப்பா அதைத் தமிழில் மாமாவிடம் கேட்டார். மாமா அம்மாவுக்குச் சொன்ன மறுமொழியைத்தான் இப்போதும் சொன்னார்: "ஊரிலை பற்றரி கிடையாது அத்தான். எறிய மனம் வரேல்லை எண்டு சொல்லுங்கோ." அப்பா அலுவலகத்தில் எப்படி ஒரு சொல் விடாமல் எழுதுவாரோ அப்படியே, ஒரு சொல் விடாமல் அதைச் சிங்களத்தில் சொன்னார். அப்படியென்றால் முடிந்த பற்றரியை என்ன செய்யலாம் என்று இவனுக்குத் தெரியும், என்றார் அதிகாரி. "விசாரித்துவிட்டு விடுவோம்" என்று மாமாவை ட்ரக்கில் ஏற்றினார்கள். பற்றரிகளையும் வயரோடு வெட்டியெடுத்து அதே ட்ரக்கில் போட்டார்கள்.

குழந்தைப் பிள்ளையின் விளையாட்டு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று அம்மா அப்பாவைக் கடைசிவரை கேட்டார். "பொய் பிடிபட்டால் இன்னும் மோசமெண்டு நினைச்சன்" என்பார் அப்பா. யார் சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு இரண்டு பேர்மீதும் கோபம் இருந்தது, அந்தக் கொடிமீதும் இருந்தது.

பாரம் போன காய்கள் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருண்டன. அம்மா பொலிஸ் நிலையம், முகாம், சிறைச்சாலை என்று அலைந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஒரு காயைக்கூடப் பறிக்க விடவில்லை. அவை சிவந்து பழுத்து, வெடித்து, நிலத்தில் விழுந்து அழுகின. வீட்டுக்காரர் மிகவும் மரியாதையாக, வேறு வீடு பார்க்கச் சொன்னார். நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறைக்குப் போனோம். அங்கே மண் என்று ஒரு பிடிகூட இல்லை.

ஏறத்தாழ இரண்டு வருடங்களுக்குப் பிறகு மாமாவை விட்டார்கள். வழக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஏன் என்று அம்மா கேட்கவில்லை. சோற்றைக் குழைத்து முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதார். பழைய வாளியொன்றில் மண் வாங்கி நிரப்பி, வெண்டி விதை போட்டு, முளைத்த கன்றை மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் யன்னலில் வைத்தது அம்மாவின் கெட்டித்தனம். மாமா அதைத் தொடவில்லை. "எடுத்து உள்ளுக்கு வையுங்கோ அக்கா. உதைப் பாத்து ஆரும் ஏதும் கேப்பினம்" என்றார். சில மாதங்களில் ஒருவழியாக வெளிநாடு போய்ச் சேர்ந்தார்.

எங்கள் வெள்ளவத்தை வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் மாடி மாடியாக வீடுகள் எழுந்திருக்கின்றன. பந்தல் நின்ற இடம் கார் நிறுத்தும் தளம். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. போன வருடம் கனடாவில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கோடை வந்தால் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு புடலையும் பாகலும் கத்தரியும் வைக்கிறார்களாம். மாமா வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட இல்லை. நான் நின்ற நாளொன்றில் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. மாமா கதிரையில் ஏறி, புதுப் பற்றரியைப் போட்டு, கழற்றியதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு குளிர்ச்சட்டையை மாட்டினார்.

"வெளியிலை பனி கொட்டுது மாமா. நாளைக்குப் போடலாமே" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. முடிஞ்ச பற்றரி வீட்டிலை கிடக்கக் கூடாது."

யன்னலில் நின்று பார்த்தேன். வீட்டு வாசலில் இருந்த குப்பைத் தொட்டியைத் தாண்டிப் போய், தெருக்கோடியில் இருந்ததில் போட்டார். திரும்பி வரும்போது அந்தக் குளிரிலும் கைகளைப் பொக்கற்றுக்குள் விடவில்லை. இரண்டையும் வெளியில் தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு நடந்து வந்தார்.