ராயப்பன் இறங்கிய தெரு

மயிலத்துக்குத் தெற்கே எங்கள் கருவேலம்பாடியில் அந்தக் காலத்தில் சைக்கிள் இருந்தது இரண்டே வீட்டில். ஒன்று ஊர்ப் பெரியதனம் கோதண்டபாணி வீடு. இன்னொன்று சேரியில் ராயப்பன் சித்தப்பாவின் கூரை வீடு. பெரியதனத்தின் சைக்கிள் துணி போர்த்திக்கொண்டு கூடத்தில் நிற்கும். சித்தப்பாவின் சைக்கிள் நின்று நான் பார்த்ததில்லை.

அது அவர் விலைக்கு வாங்கியதல்ல. திண்டிவனம் மாதா கோயில் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரச் சாமியாரிடம் அவர் ஆளாக வேலை செய்தார். விழுப்புரம் ஸ்டேஷனில் வந்து இறங்கும் பார்சல்களை எடுத்து வருவார். சுற்றுப்பட்டுக் கிராமத்துக் கோயில்களுக்குச் சேதி கொண்டுபோவார். 1938இல் சாமியார் தன் நாட்டுக்குத் திரும்பியபோது, தன் பழைய சைக்கிளையும் சுவரில் மாட்டியிருந்த ஒரு காலண்டரையும் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த சாமியார் வந்தார், வேலை அப்படியே தொடர்ந்தது.

காலண்டரில் தேதியெல்லாம் கிழிந்து படம் மட்டும்தான் மிச்சம். சாமியார் பிறந்த ஊர்ப்பக்கத்து மலை அது. உச்சியில் பனி, இடுப்பைச் சுற்றி ஒரு ரோடு. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு சைக்கிளில் போகிறார்கள். வேறு வண்டி இல்லை, மாடு இல்லை, மனுஷர் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சித்தப்பா அதைக் காட்டாமல் விடமாட்டார். வந்தவர்கள் பனியைப் பார்த்தார்கள். பொம்பளை சைக்கிள் விடுகிறாளே என்று வாயைப் பிளந்தார்கள். சித்தப்பா காட்டியது ரோட்டை.

"பாத்தியா, ஒருத்தனும் இல்ல. அந்த ரோட்ல எங்கியுமே எறங்க வேணாம்" என்பார்.

அவர் சொன்ன இறங்குதல் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, உங்களுக்குச் சொல்ல வேண்டும். சேரிக்காரன் ஊர்த்தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது. சைக்கிள் என்று ஒன்று வந்ததும் அதற்கும் ஒரு சட்டம் முளைத்துவிட்டது. தெருமுனை வேப்பமரத்தடியில் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, மறுமுனையில் இருக்கிற மந்தைக்கல் வரைக்கும் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அந்தத் தெருவுக்கு நாங்கள் காட்டிய மரியாதையைச் சாமிக்குக் காட்டியிருந்தால் எல்லோரும் மோட்சத்துக்குப் போயிருப்போம்.

சேரியிலிருந்து பெரிய ரோட்டுக்கு அந்தத் தெருதான் நேர்வழி. அதை விட்டால் ஏரிக்கரை மேலே சுற்றிக்கொண்டு போக வேண்டும். தூரம் இரட்டிப்பு, பாதி வழி மணல். சித்தப்பா பெரும்பாலும் சுற்றித்தான் போனார். "தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறான் பாரு" என்று ஆட்கள் கேலி செய்தால், "தொடுறது என் மூக்குதானே, ஒனக்கு என்னா பேஜாரு?" என்பார். வேலை அவசரத்தில் எப்போதாவது தெருவழியே போக நேர்ந்தால் சொன்னபடி இறங்குவார், தள்ளுவார். அன்றைக்கெல்லாம் அவரிடம் யாரும் பேச முடியாது.

இப்படிச் சுற்றிச் சுற்றியே ஆள் இல்லாத வழிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெயம் சின்னம்மாவைக் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பனமலை ஏரிக்கரை, செஞ்சிப் பாறைகளின் அடிவாரத்து மாட்டுத்தடம், ஓடைக்கரை. ஊர் என்று ஒன்று குறுக்கே வந்தால் வளைத்துக்கொண்டு போவார். தூக்குவாளியில் கேப்பைக் களி, சின்னம்மா மடியில் வறுத்த மல்லாட்டை, உங்கள் பாஷையில் வேர்க்கடலை. கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. "சைக்கிளைத்தான் தொட்டிலில் போடப்போறான்" என்று பேசினார்கள். இருவருக்கும் காதில் விழாத மாதிரிதான்.

சின்னம்மா வாய்த்துடுக்கு. "படத்துல இருக்கிறவ தனி சைக்கிள்ல போறா. நா மட்டும் மல்லாட்ட மூட்ட மாதிரி பின்னாடி குந்திக்கினு வர்றேன்" என்பார்.

"அறுப்பு முடியட்டும். சவ்வாது மலைக்கு இட்டுக்கினு போறேன். அங்க ஒரு பய பாக்க மாட்டான். ஒனக்கும் ஓட்டக் கத்துத் தர்றேன்" என்பார் சித்தப்பா. ஒவ்வொரு அறுப்புக்கும் இதே பேச்சு.

உலகச் சண்டை முற்றி, 1942இல் பெட்ரோல் அரிதாகிவிட்டது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிய பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நாள் இருமின. பிறகு வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. எல்லோரும் திட்டினார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் கொண்டாட்டம். புளியமர நிழலில் பெரிய ரோட்டின் நட்டநடுவே, யாரும் ஹாரன் அடிக்காமல், யாருக்கும் ஒதுங்காமல் போய்வந்தார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

மறு வருஷம் மாசி. மேல்மலையனூரில் மயானக் கொள்ளை. எங்கள் ஊர்த்தெருவில் எல்லா வீட்டுக்கும் அங்காளம்மன்தான் குலதெய்வம். வண்டி கட்டிக்கொண்டு கைக்குழந்தை முதல் கிழடு வரைக்கும் போய்விட்டார்கள். வீட்டுக்கு வீடு பூட்டு. நாங்கள் மாதா கோயில் வேதக்காரர்கள், எங்களுக்கு அந்தத் திருவிழா இல்லை. அவர்கள் கொல்லைக்காட்டில் மல்லாட்டைக்குக் களை எடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

உச்சிவேளைக்கு முன்னால் சவுரியம்மாள் அத்தை கொல்லையிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். "ராயப்பா! ஜெயத்தப் பூச்சி தொட்டுடிச்சிடா! நல்லது!"

நல்ல பாம்பு. சித்தப்பா வீட்டு வாசலில் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டி முடித்துக் காற்றடித்துக்கொண்டிருந்தார். காலில் வெந்நீரை ஊற்றியதுபோல் சைக்கிளோடு ஓடினார். சின்னம்மாவின் கணுக்காலுக்கு மேலே புடவைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். பேச்சு இருந்தது, ஆனால் இமை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. மந்திரிக்கிறவனும் மேல்மலையனூர் போய்விட்டான். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்கு ஊசி இருக்கிறது என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். பஸ் இல்லை, மாட்டுவண்டி எல்லாம் திருவிழாவில். சின்னம்மாவைக் கேரியரில் இருபக்கமும் கால்போட்டு உட்காரவைத்து, அவர் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மிதித்தார். ஏரிக்கரை சுற்று, தெருதான் நேர்வழி. அதில் அவர் தப்புச் செய்யவில்லை.

வேப்பமரத்தடி வந்தது. சித்தப்பா பிரேக் பிடித்தார். துண்டின் முடிச்சை அவிழ்த்தார். சின்னம்மா சரிந்துவிடாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டே இறங்கினார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். ஒரு கையில் பெண்டாட்டி, ஒரு கையில் சைக்கிள். தள்ள ஆரம்பித்தார்.

நீளமான தெரு அது. பாதி வந்ததும் சின்னம்மா முனகினார். "ஏன் எறங்கிட்டே? யாரும் இல்லியே. ஏறு."

சித்தப்பா அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பூட்டிய கதவுகள். ஒரு நாய்கூட இல்லை. அவர் பெடலில் காலை வைத்தார். எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். கால் ஏறவில்லை. அவரைத் தடுக்க அங்கே ஈ காக்கை கிடையாது, இருந்தும் ஏறவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மேல் கோபமா, தெருமேல் கோபமா என்று கேட்காதீர்கள்.

மந்தைக்கல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கே மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினார். அதற்குமேல் பெரிய ரோடு. எதிரே ஒரு வண்டி இல்லை. அவர் அப்படி மிதித்ததே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது சின்னம்மாவுக்கு மூச்சு இருந்தது. கட்டிலில் படுக்கவைத்தார்கள். டாக்டர் மருந்தை எடுத்தார், கம்பவுண்டர் ஊசியைக் கொதிக்கவைத்தார். தண்ணீர் கொதி வந்து, ஊசியை இடுக்கியால் எடுக்கும்போது மூச்சு நின்றுவிட்டது. ஒரு தெருவை நடந்து கடக்கிற நேரம்தான் குறைந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பெரியதனம் சேரி முனைவரைக்கும் வந்து நின்று சித்தப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். துக்கம் விசாரிக்கத்தான். அடக்கத்தில் சித்தப்பா சொல்லி அழுதது அவர் காதுக்கும் போயிருந்தது.

"அடப் பாவி, எறங்கித் தள்ளிக்கினா போனே? ஏறிப் போயிருக்கலாமேடா. ஆபத்துக்குப் பாவமில்ல. நாங்க என்னா மனுஷங்க இல்லியா?"

சித்தப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரிங்க ஆண்டே" என்றார்.

மறுநாள் காலை, தெரு நிறைய ஆள் இருக்கும்போது, செருப்புக் காலோடு சைக்கிளில் உட்கார்ந்தபடி உள்ளே போனார். அரைத் தெரு தாண்டவில்லை. இழுத்துத் தள்ளி அடித்தார்கள். சக்கரத்தை உலக்கையால் நசுக்கிக் கிணற்றில் போட்டார்கள். "ஆபத்துக்குச் சொன்னா, அதையே சட்டமாக்கிக்கினியா நீ?" என்று கேட்டது அதே பெரியதனம்தான்.

அதன்பிறகு சித்தப்பா சைக்கிளைத் தொடவில்லை. புதுச் சாமியார் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றும் வேண்டாம் என்றுவிட்டார். பார்சல்களைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே சுமந்தார். சவ்வாது மலைக்கு அவர் போகவே இல்லை. படம் மட்டும் சுவரில் இருந்தது, யாருக்கும் காட்டுவதில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம். திண்டிவனத்திலிருந்து அவரும் நானும் சேர்ந்து நடந்து வந்தோம். எனக்கு அப்போது கல்யாணமாகிவிட்டது. ரோட்டில் மறுபடி பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. மந்தைக்கல் கிட்டே வரும்போது அவராகத்தான் பேச்சை எடுத்தார்.

"படத்துல இருக்குதே ரோடு, தெருவு அன்னிக்கி அதே மாதிரி இருந்திச்சிடா. ஒருத்தனும் இல்ல. அவதான் கண்ணத் தொறந்து பாத்தா. எனக்குத் தெரியல."

நல்ல வெயில். தெருவில் யாரும் இல்லை. சித்தப்பா குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.