காலி இடத்துக்கும் காசா?

பேனர் அடிக்கிறவனுக்கு ஊரில் யார் பிறந்தாலும் வேலை, யார் இறந்தாலும் வேலை. தன் வீட்டில் ஒருவர் போய்விட்டால் மட்டும் கை ஓடாது.

என் மனைவி ஈஸ்வரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது தேனியில், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் சாய்ந்து தொங்கியது. "பேனரு போடுற மனுசன் கண்ணுக்கு அது கோணலாத் தெரியலையா?" என்றாள். எழுந்துபோய் நிமிர்த்தி வைத்தேன். "இப்பச் சரி. போயி டீ குடிச்சிட்டு வெரசா வாங்க" என்றாள். வெரசாகத்தான் வந்தேன்.

அன்று என்னால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியவில்லை. அவளுடைய கண்ணீர் அஞ்சலி பேனரை அவள் அண்ணன், சிலமலையில் விவசாயம் பார்க்கும் என் மச்சான், வேறு கடையில் கொடுத்து அடித்துக்கொண்டு வந்தார். சொந்தக்காரர் முகங்கள் வரிசை வரிசையாக இருந்தன. நடுவில் மச்சான் செல்போனைக் காதில் வைத்தபடி ஆளுயரத்துக்கு நின்றார். ஈஸ்வரி ஒரு மூலையில், வாக்காளர் அட்டைப் படத்தில் இருந்தாள். துக்கத்துக்கு வந்த ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார்: "இதுல தவறுனது யாருண்ணே?"

வருஷ நினைவுக்காவது அவளுக்கு ஒழுங்காக ஒரு பேனர் போட வேண்டும், பார்த்தால் அவள்தான் தெரிய வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். நானோ ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்துத் தொழில் கற்றவன். போடியில் ஓர் ஏலக்காய்க் குடோன் மாடியில் வடிவமைப்பு அடிப்படை வகுப்பு தொடங்குகிறது என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தேன். "இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க" என்ற வாக்கியத்தைக் கேட்டே நரைத்துப்போன சகோதரர்களே, இதெல்லாம் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

புள்ளி

முதல் வகுப்பில் கம்ப்யூட்டரே இல்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாள், ஒரு கறுப்பு ஸ்கெட்ச் பேனா. டீச்சர் மதுரையிலிருந்து ரயிலில் வந்துபோகும் சின்ன வயதுப் பெண். "ஒரே ஒரு புள்ளி வைங்க. ஆனா பாக்குறவங்களுக்குப் பதட்டம் வரணும்" என்றார். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு புள்ளிக்கு நான் இவ்வளவு யோசித்ததில்லை. நடுவில் வைத்தேன். "இது நிம்மதியாத் தூங்குது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

எனக்குப் பக்கத்தில் பாண்டி. குரங்கணி மலைப்பாதையில் ஜீப் ஓட்டுபவர். தன் ஜீப்பின் பின்கண்ணாடி ஸ்டிக்கரைத் தானே வடிவமைக்க வேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடு வந்தவர். அவர் புள்ளியைத் தாளின் விளிம்பில், பாதி உள்ளே பாதி வெளியே வைத்திருந்தார். டீச்சர் அசந்துபோய், எப்படி இந்த யோசனை வந்தது என்று கேட்டார். "இது வளைவுல பிரேக்கு பிடிக்காத ஜீப்பு டீச்சர். இதுக்கு மேல பதட்டம் வேணும்னா நீங்க முன்சீட்டுல வந்து உக்காரணும்."

பச்சை

வண்ணப் பாடத்துக்காக டீச்சர் ஏலக்காய் வாங்கி வந்து, கரும்பச்சையில் தொடங்கி வெளிர்பச்சை வரைக்கும் ஒரு வெள்ளை அட்டையில் வரிசையாக அடுக்கினார். அதே பச்சைகளை நாங்கள் பெயின்டில் கலக்க வேண்டும். மதுரைக்காரருக்கு ஒன்று தெரியவில்லை. போடியில் ஏலக்காயை யார் பரப்பி வைத்தாலும் அது சாம்பிள். சாம்பிள் என்றால் எடுத்து, நகத்தால் கீறி, வாயில் போட்டுப் பார்த்தாக வேண்டும். சும்மா பார்த்துவிட்டுப் போனால் சரக்கை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

டீச்சர் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது அட்டையில் தோல்தான் கிடந்தது. வகுப்பு முழுக்க ஒரே மணம். என் வாயிலும் இரண்டு இருந்தன. "நான் கலரைப் பாக்கத்தானேங்க சொன்னேன்!" என்றார், அழாத குறையாக. பாண்டி மென்றுகொண்டே ஆறுதல் சொன்னார்: "விடுங்க டீச்சர். கடைசியா வெளிறிப்போயி ஒண்ணு வச்சிருந்தீங்கள்ல, அது சரக்கே இல்ல. அடுத்த தடவ வாங்கும்போது என்னையக் கூப்பிடுங்க."

காலி இடம்

"எல்லா இடத்தையும் அடைக்காதீங்க. காலி இடம்தான் டிசைன் மூச்சு விடுற இடம்" என்றார் டீச்சர் ஒருநாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலி இடம் கண்ணில் பட்டாலே அங்கே ஒரு சிங்கத்தையோ, இரண்டு புறாவையோ, ஒரு குத்துவிளக்கையோ வைத்துப் பழகிய கை இது.

மறுநாளே ஒரு மசாலா வியாபாரியின் கடைத் திறப்பு பேனரில் முயன்றேன். இடது பக்கம் கடைப் பெயர், வலது ஓரத்தில் ஒரே ஓர் ஏலக்காய், மற்றதெல்லாம் வெள்ளை. அவர் திரையையே வெகுநேரம் பார்த்தார். "சிஸ்டம் ஹேங்காயிருச்சாண்ணே?" என்றார். முழுதும் வந்துவிட்டது, அது மூச்சு விடுகிற இடம் என்று விளக்கினேன். "சதுர அடிக்குத்தான காசு வாங்குறீங்க? பேனரு மூச்சு விடுறதுக்கு நானா குடுக்கணும்? அந்த எடத்துல எங்க மாமாவ நிப்பாட்டுங்க."

வருஷ நினைவு

கடைசிப் பயிற்சிக்கு ஆளுக்கொரு போஸ்டர். நான் ஈஸ்வரியுடையதைச் செய்தேன். அடுப்படியில், "போட்டோ எடுத்தது போதும்" என்று அவள் என் பக்கம் திரும்பியபோது செல்போனில் எடுத்த படம். மேலே அவள் முகம், அதை ஒட்டிப் பெயர், அதற்குக் கீழே வெறும் வெள்ளை. டீச்சர் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. பேனர் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தபோது மச்சான் கடைக்கு வந்தார்.

"நம்ம படமெல்லாம் எங்க மாப்ளே?"

"அவ மட்டும்தான் மச்சான்."

"நாங்க அடுத்த பக்கத்துல வர்றமா?"

"பேனருக்கு ஏது மச்சான் அடுத்த பக்கம்?"

அவர் முகம் மாறிவிட்டது. "என் படம் இல்லாமக் கட்டுனா, அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஆகாமப் போச்சுன்னுதான் சிலமலையில பேசுவாங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க நடக்குறது?" கண் கலங்கியிருந்தது. எனக்குப் பேசத் தெரியாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது மச்சான் என்று சொன்னேன். வாங்கி வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டார்.

நினைவு நாளன்று என் பேனருக்குப் பக்கத்தில் மச்சான் இன்னொன்று கட்டியிருந்தார். அவர், மகன்கள், பேரன்கள், எல்லார் காதிலும் செல்போன், அடியில் 'கண்ணீருடன்'. கோபத்தில் ஈஸ்வரியைப் போட மறந்துவிட்டார். சாப்பிட வந்த பாண்டி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்க மச்சான் எலெக்சன்ல நிக்கிறாராண்ணே?" என்று கேட்டார். பின்னால் நின்ற மச்சான் காதில் அது விழுந்துவிட்டது.

அவர் தன் பேனரை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னுடையதன் முன்னால் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் எழுந்தேன். அவர் அவளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இப்பத் திட்டப் போறா மாப்ளே. இந்த முகம் எனக்குத் தெரியும்."

இப்போது மச்சான் அடித்த பேனர் சிலமலையில் அவருடைய ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகக் கிடக்கிறது. நான் அடித்தது அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது, சுவர் போதாததால் வெள்ளை முழுவதையும் சுருட்டிக் கட்டி, அவள் முகம் மட்டும் தெரியும்படி.