அமைச்சர் வாசித்தது என் கையெழுத்தை

எத்தனையோ அமைச்சர்களைத் திட்டியிருக்கிறேன். அந்த ஒருவரைத் திட்ட மட்டும் எனக்கு யோக்கியதை இல்லை. மக்களவையில் எழுந்து நின்று அவர் வாசித்தது, நான் என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்ன பதில். ஒரு எழுத்துகூட அவர் மாற்றவில்லை. அந்தப் பதிலால்தான் என் தம்பி கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டுச் சிறையில் கேட்க நாதியில்லாமல் கிடந்தான்.

எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியில் இறால் விழுகிற இடங்களைப் பாடு என்போம். எந்த நாள் எந்தப் பாடு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். முறை வந்தவனுக்கு உடம்பு முடியாவிட்டால் தம்பியோ மச்சானோ போய் வலை போடுவான். யார் போனாலும் சீட்டில் இருப்பவன் பேரில்தான் பாடு நடக்கும். எதிரே படகில் வருகிறவன் "யார் பாடுப்பா?" என்று கேட்டால், வலை போடுகிற தம்பி "அண்ணன் பாடு" என்பான். இதை எங்கள் ஏரியில் யாரும் பொய் என்று சொன்னதில்லை.

அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கடல்தண்ணி உள்ளே வராமல் ஏரி செத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் பட்டணத்துத் துறைமுகத்தில் ஒரு பெரிய போட்டில் வேலைக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டேன். ஆட்கள் பட்டியலில் என் பேரும் என் மீனவர் அட்டை நம்பரும் ஏறிவிட்டன. கிளம்புகிற அன்றைக்குப் பார்த்து எனக்குக் குளிர்காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை.

தம்பி வந்தான். மாடத்தில் இருந்த என் அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நீ படுண்ணா. நான் போயினு வந்துடறேன். உன் பாடுதான இது."

அட்டையில் இருந்த போட்டோவில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நானும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போர்த்திக்கொண்டேன். அப்படித் தலையாட்டிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனது. காற்றும் நீரோட்டமும் போட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போயின. அந்த நாட்டுக் கடற்படை எட்டுப் பேரையும் பிடித்துச் சிறையில் வைத்துவிட்டது. உயிரோடு இருக்கிறார்கள் என்று போட் டிரைவரின் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஊர்கூடி எங்கள் தொகுதி எம்.பி.யிடம் மனு கொடுத்தோம். எட்டுப் பேரின் பெயரையும் நாங்களே எழுதினோம். தம்பிக்குத் தம்பி பேரைத்தான் எழுதினோம், வேறு எதை எழுதுவோம்? எம்.பி. நல்ல மனுஷன். "சபையில கேள்வியாவே போட்டுடறேன். அமைச்சர் எழுந்து நின்னு பதில் சொல்லியாகணும்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தம்பி பெண்டாட்டி ஒரு வாரம் சோறு தின்றாள். அதுவரைக்கும் வெறும் டீயில்தான் உயிரை வைத்திருந்தாள்.

அந்த வாரத்தில்தான் கிராம நிர்வாக அதிகாரி எங்கள் தெருவுக்கு வந்தார். நான் வாசலில் உட்கார்ந்து வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த தாளைப் பார்த்து என் பேரைச் சொன்னார்.

"இது யாருய்யா?"

"நான்தான் சார்."

"ஊர்லதான் இருக்கியா?"

"வேற எங்க சார் போவப் போறேன்? தோ, கண்ணு முன்னால குந்திக்கினு இருக்கேன்."

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடு."

போட்டேன். என்ன தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரணம் கொடுப்பதற்கு முன்னால் வருஷா வருஷம் இப்படித்தான் ஆள் பார்க்க வருவார்கள். ஆள் ஊரில் இருக்கிறானா, செத்துவிட்டானா, வேறு தொழிலுக்குப் போய்விட்டானா என்று கேட்பார்கள். "இருக்கேன் சார், இருக்கேன் சார்" என்று முந்திக்கொண்டு சொல்வதுதான் எங்கள் வழக்கம். சொல்லாதவன் பேரை அடித்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் வளர்ந்த வாய், தானாகவே சொல்லிவிட்டது.

கேள்வி சபைக்கு வந்த அன்று காலையிலேயே பழவேற்காட்டுச் சங்க அலுவலகத்துக்குப் போய்விட்டோம். அங்கே வேலை செய்த கிளார்க்கம்மா இங்கிலீஷ் படித்தவர். தன்னுடைய போனிலேயே நேரலையைப் போட்டுக்கொடுத்து, கேட்கக் கேட்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் எம்.பி. எழுந்தார். வெளிநாட்டுச் சிறையில் இருக்கும் மீனவர்களை மீட்க அரசு என்ன செய்தது, தெரியாமல் எல்லை தாண்டுகிறவர்களைக் காக்கச் சட்டம் ஏதும் வருமா என்று கேட்டார். பிறகு வெளியுறவு அமைச்சர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல கண்ணாடி. தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

சட்ட முன்வரைவு ஒன்று பரிசீலனையில் இருக்கிறதாம். அந்த நாட்டோடு நல்லுறவு நிலவுகிறதாம். நட்பின் அடையாளமாக மீனவர்களை விடுதலை செய்ய ஒத்துக்கொண்டார்களாம். தம்பி பெண்டாட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கிளார்க்கம்மாவின் குரல் தடுமாறியது.

"அந்த நாட்டுக்காரங்க குடுத்த பட்டியல்ல எட்டுப் பேராம். ஏழு பேர் நம்ம மீனவர்னு உறுதியாயிடுச்சாம். எட்டாவது ஆளோட பேர்ல இருக்கிறவர், அவரோட சொந்த ஊர்லயே வசிக்கிறார்னு மாநில அரசு நேர்ல விசாரிச்சு, அவர்கிட்டயே கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்காம். அதனால சிறையில இருக்கிற ஆள் யாருன்னே தெரியலையாம்."

"எங்க வூட்டுக்காரர் பேரு?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"உறுப்பினர் குடுத்த பட்டியல்ல இருக்கிற அந்தப் பேர்ல யாரும் சிறையில இல்லையாம்."

என் அட்டையோடு போனவனை என் பேரில்தானே எழுதியிருப்பார்கள்? அந்தப் பேருக்கு உரியவன் வீட்டில் இருக்கிறான் என்று நான்தானே கையெழுத்துப் போட்டேன்? அவன் பேரிலும் அவன் இல்லை, என் பேரிலும் அவன் இல்லை. "ஐயா, அது நான் சொன்னதுய்யா! தெரியாம சொல்லிட்டேன்யா!" என்று அந்தப் போனைப் பார்த்துக் கத்தினேன். எம்.பி. மறுபடியும் எழுந்து ஏதோ கேட்கப் பார்த்தார். சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடுத்தது வேறெங்கோ ஒரு ரயில் பாலத்தைப் பற்றிய கேள்வி.

தம்பி பெண்டாட்டி அழவில்லை. அதுவரை என்னை மரியாதையாக மட்டுமே பேசியவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருமையில் கேட்டாள்.

"ஒரே ஒரு வாட்டி இல்லன்னு சொல்லியிருக்கக் கூடாதா மாமா நீ?"

எழுந்து நடந்தேன். பக்கத்துத் தெருவில் டச்சுக்காரன் கல்லறை. அதன் சுற்றுச்சுவரில் போய்ச் சாய்ந்தேன். உள்ளே பெரிய பெரிய கற்கள். செத்தவன் பேர், பிறந்த ஊர், பார்த்த உத்தியோகம் எல்லாம் எழுத்து எழுத்தாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ கடல் தாண்டி வந்து இங்கே செத்தவனுக்கு இத்தனை வருஷம் கழித்தும் விலாசம் இருக்கிறது. உயிரோடு இருக்கிற என் தம்பிக்கு ஒரு பேர்கூட இல்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டேன். வலித்தது, அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

அதே மாதம் ஏழு பேரும் திரும்பினார்கள். தம்பியைத் தனியாகப் பிரித்து வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டதாக டிரைவர் சொன்னார். நம் நாட்டுத் தூதரகத்து ஆள் வந்து, "இந்தப் பேர்க்காரன் ஊரில் இருக்கிறானாம், நீ யார்?" என்று கேட்டாராம். தம்பி தன் சொந்தப் பேரைச் சொன்னானாம். "முதலில் ஒரு பேர், இப்போது ஒரு பேரா?" என்று உளவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்களாம்.

போட் ஓனர் அன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "வாயத் தொறந்துடாதப்பா. அட்டையை மாத்திக் குடுத்தது ஆள்மாறாட்ட கேஸு. உன்னியும் உள்ள வெப்பான், என் லைசென்ஸும் பூடும். கொஞ்சம் ஆறட்டும், அவங்களே உட்டுடுவாங்க" என்றார். திரும்பி வந்த ஏழு பேரின் வாயையும் இதையே சொல்லிக் கட்டிவிட்டார். என் பெண்டாட்டியும் பிள்ளைகளைக் காட்டி அதையேதான் சொன்னாள்.

நான் பயந்தேன். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. ஏறக்குறைய இருபது நாள் வாயைத் திறக்கவில்லை. மணலை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள்; காலையில் எழுந்து ஏரிக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எதிர்வீட்டில் தம்பி பெண்டாட்டி வாசல் பெருக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவதற்கு நான் பழகிவிட்டேன். அப்படிப் பழகியதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு நாள் பாடு பிரிக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். தம்பி பேர் வந்தது. ஊர்ப்பெரியவர் என்னைப் பார்த்து, "உன் தம்பி பாடு. அவனுக்காக நீ போறியா?" என்று கேட்டார். போகிறேன் என்று சொல்லிவிட்டுத் துறைக்குப் போகவில்லை, நேராக பஸ் ஏறி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். சிறையில் இருப்பது என் தம்பி, அவன் கையில் இருப்பது என் அட்டை, கொடுத்தது நான், கேஸ் போடுவதென்றால் என் மேல் போடுங்கள் என்று எழுதிக்கொடுத்தேன். உதவியாளர் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டா பின்னால மாத்த முடியாதுங்க" என்றார். "போன வாட்டி கேக்காமப் போட்டேன். இந்த வாட்டி தெரிஞ்சிதான் போடறேன், குடுங்க" என்றேன்.

என் அட்டையை ரத்து செய்தார்கள். இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கிராம நிர்வாக அதிகாரி, "என் வேலைக்கு உலை வெச்சிட்டியேய்யா" என்று தெருவில் நின்று கத்தினார். போட் ஓனர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எம்.பி. அடுத்த கூட்டத்தொடரில் மறுபடியும் ஒரு கேள்வி போட்டார். இந்த முறை அமைச்சர் எழுந்து நிற்கவில்லை, எழுத்தில் பதில் வந்தது. கிளார்க்கம்மா படித்துக் காட்டினார். கூடுதல் தகவல் கிடைத்திருப்பதால் ஒரு நபரின் குடியுரிமை மறுபடியும் சரிபார்க்கப்படுகிறது. ஒரே வரி. அந்த வரியை நம்பிக்கொண்டு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தோம்.

அவனை அனுப்பினபோது நானும் தம்பி பெண்டாட்டியும் பட்டணத்து விமான நிலையத்தின் வாசலில் நின்றோம். அதிகாரி ஒருவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார். பாதி ஆள்தான் வந்திருந்தான். பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். அடிப்பான், காறித் துப்புவான் என்று காத்திருந்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"இத்தினி மாசமா உன் பேரச் சொல்லித்தாண்ணா என்னிய எழுப்பினானுங்க, உன் பேரச் சொல்லித்தான் சோத்துக்குக் கூப்ட்டானுங்க. நான் அவன் இல்லன்னாலும் கேக்கல" என்றான். "ஒரு வாட்டி என் பேரச் சொல்லிக் கூப்புடேன்."

அவன் பிறந்த நாளிலிருந்து நான் கூப்பிட்ட பேர் அது. அவன் குழந்தைமாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். டாக்ஸிக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டேன்.