இருட்டு கேட்டு வருபவள்

பேச வாயைத் திறக்கும் முன்பே எதிரில் நிற்பவரின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். கேட்பதெல்லாம் கிடையாது. இடுப்பில் செருகிய மஞ்சள் துணியை உருவி, ஊதித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டு, "இப்ப சொல்லுங்க, இப்பதான் நீங்க பேசறது எனக்கே காது கேக்கும்" என்பாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேருடைய பவர் அவளுக்கு மனப்பாடம். எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. எனக்கு மட்டும் 'அவள்'.

என் வீட்டுக்காரர் கண்ணாடியையும் ஒருநாள் அப்படித்தான் கழற்றினாள், என் கண்ணெதிரே. மனுஷர் கன்றுக்குட்டி மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அவரை 'அண்ணே' என்கிறாள், என்னை 'அண்ணி' என்கிறாள், எல்லாம் சரி. அண்ணி என்று கூப்பிட்டால் வயிறு எரியாதா என்ன?

சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் இலவசமாகப் படம் போடுகிற சங்கம் ஒன்று இருக்கிறது. குடியிருப்புக்காரர்களே லாபம் பார்க்காமல் நடத்துவது. புரொஜெக்டர் என் வீட்டுக்காரர் பொறுப்பு. திரை கட்ட, நாற்காலி போட ஆட்கள் உண்டு. இருட்டு அவள் பொறுப்பு. மைதானத்தைப் பார்த்த ஜன்னல்களில் விளக்கு எரிந்தால் படம் வெளுத்துப் போகும் என்பதால், மாடி மாடியாக ஏறி அணைக்கச் சொல்வாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் மேசையை உள்ளறைக்குத் தானே இழுத்துக் கொடுப்பாள். யாரோடும் ஒட்டாத ரிட்டயர்டு வாத்தியாரிடம், "சார், உங்க லைட்டு அணைஞ்சாதான் ஹீரோ மூஞ்சியே தெரியுமாம்" என்பாள். அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டுவார்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தால் அவள் புராணம்தான். "அந்தம்மா இல்லன்னா சங்கமே இல்ல" என்பார். மைதானம் முழுக்க வயர் இழுக்கிறவருக்கு எங்கள் சமையலறை ட்யூப்லைட் மாதக்கணக்காகச் சிமிட்டுவது தெரியவில்லை. அதுகூடப் போகட்டும். இத்தனை படம் போட்டிருக்கிறார், ஒரு தடவைகூட "நீயும் வா" என்று என்னைக் கூப்பிட்டதில்லை. நானாகப் போய் நிற்க எனக்கென்ன தலையெழுத்தா?

போன சனிக்கிழமை பால்கனி விளக்கை வேண்டுமென்றே போட்டுவைத்தேன். பழைய பல்பைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்டியிருந்தேன். கீழே கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. எதிர்பார்த்தபடியே அவள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். வாசலிலேயே என் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

"பல்பு புதுசா அண்ணி?"

"ஆமா."

"நல்லா எரியுது." துடைத்து மாட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "யாரு வந்து சொன்னா அணைப்பீங்க?"

"சொல்ல வேண்டியவங்க சொன்னா."

"அதுவும் நியாயந்தான்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனாள். சண்டைக்குத் தயாராக இருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பால்கனியில் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரரிடம் என்னவோ சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம், யார் கூப்பிட்டாலும் புரொஜெக்டரை விட்டு அசையாத மனுஷர், எங்கள் படிக்கட்டைப் பார்த்து நடந்தார். கூட்டம் விசிலடித்தது. அவர் போட்டுவிட்டு வந்த படம் ஓட ஆரம்பித்துவிட்டது, ஆனால் திரையில் விழுந்தது ஒரு கையின் நிழல்தான். புரொஜெக்டர் முன்னால் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். "போடுங்கக்கா!" என்று கத்தினார்கள். அவள் கையை எடுக்கவில்லை.

அவர் கதவருகே வந்து நின்று செருப்பைப் பார்த்தார்.

"லைட்டு..." என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நீயும் வாயேன். படம் நல்லாருக்கும்."

எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை! மனசு குளிர்ந்துபோய்ச் செருப்பை மாட்டப் போனேன். அவர் சும்மா இருந்திருக்கலாம்.

"லைட்ட மட்டும் அணைச்சிட்டு வந்துடாதீங்க, ஆளையும் கூட்டிட்டு வாங்கன்னு அந்தம்மா சொன்னாங்க."

இதையும் அவள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததா! மாட்டப் போன செருப்பை உதறினேன். விளக்கை அணைக்காமலே இருந்துவிடலாமா என்று பால்கனிக்குப் போனேன். கீழே அத்தனை பேர் கத்தியும் அந்தக் கை திரையை மறைத்துக்கொண்டு அப்படியே இருந்தது. வலித்ததோ என்னவோ, இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

ஸ்விட்சைத் தட்டினேன்.

திரையில் அந்தப் பெரிய கை, விரல்களை ஒருமுறை மடக்கி 'வா' என்று கூப்பிட்டுவிட்டு விலகியது.