வீட்டுக்கு ஒரு சாமான்

எங்கள் அத்தை பிரான்ஸிலிருந்து வருவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் எங்கள் சொந்தத்தில் யாரும் யாரோடும் சண்டை போட மாட்டார்கள். அத்தையின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் விடுமுறையில் அத்தை மட்டும் பெரிய பெட்டியோடு புதுச்சேரி வந்து இறங்குவார். அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான். வீட்டுக்கு ஒரு சாமான். எட்டு வீடு, எட்டு சாமான்.

யாருக்கு என்ன வேண்டும் என்று தேர்ந்தெடுக்க, அங்கே உள்ள ஒரு கடையின் தடித்த கேடலாக்கை அத்தை விட்டுவிட்டுப் போவார். சுத்தியலிலிருந்து சமையல் கத்திவரை எல்லாம் அதில் இருக்கும். அது வீடு வீடாகச் சுற்றும். அவரவர் தங்களுக்கு வேண்டிய பக்கத்தின் மூலையை மடித்து வைப்பார்கள். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வரும்போது மீன் குழம்பு வாசனை அடிக்கும். ஏழாம் வகுப்பில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த நான்தான் பட்டியலைப் பிரெஞ்சில் கடிதமாக எழுதி அத்தைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அத்தை அந்தத் தாளை அப்படியே கடைக்காரரிடம் நீட்டிவிடுவார். அதனால் எனக்குத் தனி மரியாதை. ஒரு சித்தி முறுக்கு கொடுத்து, பட்டியலில் தன் வீட்டுக்கான வரிக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு சாமானையும் சேர்க்கச் சொன்னார். முறுக்கைத் தின்றுவிட்டு மறுத்துவிட்டேன்.

எழுத்துக்கூலியாக அதற்கு முந்தைய ஆண்டு அத்தை எனக்கு இரண்டு பெட்டிகள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய காலத்துப் போர் விமானம், சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளாக. ஒட்டிச் சேர்த்து பெயின்ட் அடிக்க வேண்டும். முதல் விமானத்தை ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். பெயின்டுக்கு என்ன கவலை, அப்பாவே பெயின்டர்தானே. வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அவர் உழவர்கரையில் ஒரு டிங்கரிங் ஷெட்டில் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். மீந்த சிவப்பை ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார்.

“வண்டிக்கே அடிக்கிறது பாப்பா. இதுக்குப் போதாதா?”

பிரஷ்ஷால் தடவிய கொஞ்ச நேரத்தில் இறக்கை எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டது. விமானியின் தலை மெதுவாகக் கழுத்துக்குள் போனது. நான் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அப்பா அந்த இறக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். “பெயின்ட்ல கலக்கற தின்னரு இரும்ப ஒண்ணும் பண்ணாது. பிளாஸ்டிக்க தின்னுடுச்சு,” என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இன்னொரு பெட்டியைத் திறக்காமல் பீரோவின் மேல் வைத்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு கேடலாக் எங்கள் முறைக்கு வந்தபோது அப்பாவே ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தார். மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க், இரண்டு பக்கமும் உருண்டை உருண்டையாக டப்பா. இதைப் போட்டால் அப்பா பன்றி மாதிரி இருப்பாரே என்று சிரித்துக்கொண்டே எட்டாவது வரியில் எழுதினேன். சாமானின் எண்ணைச் சரிபார்க்கத் திரும்பியபோது எதிர்ப் பக்கம் கண்ணில் பட்டது. பேனா மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் குட்டி விமானத்தின் இறக்கைக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“அது இன்னா?” என்றார் அப்பா.

“ஏர்பிரஷ்ப்பா. உன் ஸ்ப்ரே கன்னு மாதிரிதான், குட்டி கன்னு.”

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னை முழுக்கப் படிக்கச் சொன்னார். இரண்டு வகை இருந்தன. முதலாவதில் விசையை அமுக்கினால் காற்றும் பெயின்டும் சேர்ந்தே வரும். கூடவே ஆறு பாட்டில் பெயின்ட், ஒரு காற்று டப்பா, விமானப் படம் போட்ட அழகான அட்டைப்பெட்டி. இரண்டாவது மொட்டையாக இருந்தது. அதில் அமுக்கினால் காற்று மட்டும், பின்னால் இழுத்தால்தான் பெயின்ட். இந்த இடத்தை அப்பா மறுபடியும் படிக்கச் சொன்னார்.

“இழுக்கிற அளவுக்குத்தான் பெயின்ட்டு. அப்போ எல்லாம் நம்ம கையில இருக்குது. இதான்.”

“ஆறு பாட்டில் குடுக்கறாங்கப்பா!”

“ஆறு பாட்டிலு தீந்துட்டா? அந்தக் காத்து டப்பாவ பிளேன்ல ஏத்தவே மாட்டான். பெயின்ட்ட நான் பாத்துக்கறேன்.”

“நீ பாத்துகினதுதான் பாத்தமே,” என்றேன்.

அப்பா கேடலாக்கை என் பக்கம் தள்ளினார். “எட்டாவது வரிய அடிச்சிட்டு இத எழுது,” என்று மட்டும் சொன்னார். கடிதம் அசிங்கமாகிவிடக் கூடாதே என்று ஸ்கேல் வைத்து, சிவப்பு மையால் நேராக ஒரு கோடு போட்டு அடித்தேன்.

ஆறு பாட்டிலை இழந்த ஆத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. அப்போது இளைஞர்கள் வண்டியின் பெட்ரோல் டேங்கில் தீ ஜுவாலையும் கழுகும் வரையச் சொல்லி ஷெட்டுக்கு வருவார்கள். அப்பா தன் வேலைக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், என் பெயரைச் சொல்லித் தனக்கு வாங்கிக்கொள்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்டில் பெட்டி திறந்தது. “அண்ணே, இது உனக்கு இன்னாத்துக்கு?” என்று அத்தை எடுத்து நீட்டினார். அப்பா வாங்கி, விசையை இரண்டு தடவை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, “பாப்பாவுக்கு,” என்று என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை. கழுகுகளை எல்லாம் பழைய கன்னிலேயே அடித்தார்.

தண்ணீரில் கரையும் பெயின்டை ஸ்டேஷனரி கடையில் வாங்கினோம். அப்பா அதை லேசில் நம்பவில்லை. சுருண்டுபோன முதல் விமானத்தின் வாலை எங்கிருந்தோ தேடி எடுத்து, அதில் தடவி, ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்த பிறகே சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஷெட்டுக்குப் போனோம். பெரிய கம்ப்ரசரின் காற்றைக் குறைத்து, குழாயை மாட்டிவிட்டு, அவர் வெளியே போய் நின்றுகொண்டார். முதலில் பெயின்ட் சிலந்திக்கால் மாதிரி நாலா பக்கமும் ஓடியது. ஏழெட்டுச் செய்தித்தாள்கள் வீணாயின. பிறகு என் விரலுக்கே பிடிபட்டது. கொஞ்சம் அமுக்கி, துளி இழுத்து, இறக்கையில் பச்சையும் பழுப்பும் சேரும் இடத்தைப் புகை மாதிரி மங்கலாகக் கொண்டுவந்தேன். ஆறு பாட்டில்காரனால் அது நடந்திருக்காது. வெளியே இருந்த அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் விமானத்தைக் கையில் வாங்காமல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

இன்றைக்கும் அதே ஏர்பிரஷ்தான். ஊசியை மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். என் அலமாரியில் நிற்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் நான் அப்பாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எதற்கு என்பதையே போன மாதம்தான் சரியாகத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் அடித்தாலே தலை வலிக்கிறதே என்று ஒரு மாஸ்க் வாங்கினேன். இரண்டு பக்கமும் உருண்டை டப்பா. மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். பன்றி மாதிரிதான் இருந்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்பாவுக்கு போன் போட்டு, அன்றைக்கு ஏன் அந்த வரியை அடிக்கச் சொன்னாய் என்று கேட்டேன்.

“மாஸ்க்க மாட்டிகினு கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசறது? அதான் வேணாம்னுட்டேன்,” என்றவர் இருமிவிட்டு, “ஊசிய கழுவி வெக்கிறியா?” என்று பேச்சை மாற்றினார்.

ஷெட்டில் அவர் மூக்கில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை மட்டும்தான். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, குழாயடியில் மூக்கைச் சிந்துவார். அன்று அடித்த வண்டியின் நிறத்திலேயே வரும். இன்றைக்கு என்ன கலர் என்று எனக்கும் தம்பிக்கும் தினமும் பந்தயம். தோற்றவர் ஒரு கமர்கட் கொடுக்க வேண்டும். கடிதத்தைத் தபாலில் போட்ட அன்று நான் நீலம் என்று சொல்லியிருந்தேன். அப்பா வந்து, குனிந்து, சிந்தினார். நீலம். நான் கைதட்டிக் குதித்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து அப்பாவும் சிரித்தார்.