உள்ளங்கைத் தண்ணீர்

குழாயைத் திறந்ததும் கவுஸ் பாஷா உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து வாயில் ஊற்றிக்கொள்கிறார். கண்ணை மூடி இரண்டு கன்னத்துக்கும் உருட்டிவிட்டு ஓரமாகத் துப்புகிறார். "ம், ஊத்தலாம்" என்றால் வேலை ஆரம்பம். தலையை ஆட்டினால் டிராக்டர் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

வேங்கிக்கால் தாண்டிச் சாலையோரத்தில் அவருடைய டயர் கடை. பஞ்சரும் ஒட்டுவார். ஆனால் டிராக்டர்காரர்கள் அவரைத் தேடி வருவது பின்டயருக்குத் தண்ணீர் ஏற்றத்தான். வண்டி லேசாக இருந்தால் உழும்போது சக்கரம் வழுக்கும், டீசல்தான் தீரும். டியூபுக்குள் நிற்கும் தண்ணீரின் கனம் சக்கரத்தை மண்ணோடு அழுத்திப் பிடிக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்வரை சக்கரத்தைச் சுற்றி, அதன் ஊசியைக் கழற்றிக் குழாயைப் பொருத்துகிறார். முக்கால் பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. அளவு பார்க்க மீட்டர் கிடையாது. ஸ்பானரால் டயரை மேலிருந்து தட்டிக்கொண்டே வருகிறார்; சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு.

எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி: "எந்த மண்ணு? இன்னா வேலை?" சேற்று உழவென்றால் "கம்மியா போதும், ஜாஸ்தி ஊத்தினா பொதஞ்சி போவும்" என்பார். என்னிடமும் கேட்டார். எங்கள் வண்டியைக் கொண்டுபோயிருந்தேனே தவிர, எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் செய்தேன். "செம்மண்ணுதான்டா. எத்தினி வருசமா மிதிக்கிற?" என்று சிரித்தார். பாஷா சிரிக்கவில்லை. பழைய டியூபை வெட்டிச் செய்த பட்டைகளை முழங்காலில் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் மண்டியிட்டார்.

கடைச் சுவரில் துருப்பிடித்த ரிம் ஒன்று தொங்குகிறது. வால்வு நுழையும் துளை, விரல் இரண்டு போகும் அளவுக்கு அரித்துப் போயிருக்கிறது. பழைய இரும்புக்காரர்கள் கேட்டால் "அது விக்கறதுக்கில்ல" என்பார். பல வருடங்களுக்கு முன், அவசரத்தில் போர்வெல் உப்புத் தண்ணீரைக் கீழ்பென்னாத்தூர் சின்னசாமியின் வண்டிக்கு ஏற்றிவிட்டார். வால்வு ஓரமாகக் கசிந்த உப்பு இரும்பைத் தின்றது. ஒருநாள் உழவில் வால்வு பிய்த்துக்கொண்டு டயர் இறங்கி, வரப்பில் வண்டி சாய்ந்தது. சின்னசாமியின் வலது கை இன்றும் தோளுக்கு மேல் எழும்பாது. பாஷா புது ரிம் மாட்டிக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கேட்டு வாங்கி வந்தாராம். இதை என்னிடம் சொன்னவரும் பாஷாதான், டயரைப் பார்த்துக்கொண்டே.

ஆடியில் நல்ல மழை பெய்த மறுநாள் நான் அங்கே டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான அடி அண்ணாமலையின் திரௌபதி அக்கா டிராக்டரோடு வந்து நின்றார். வாடகைக்கு உழுகிறவர். வேர்க்கடலை விதைக்க ஐந்து வீட்டு மல்லாட்டைக் கொல்லை, உழவுக்கு அவரை நம்பிக் காத்திருந்தது. இரண்டு நாளில் ஈரம் காய்ந்துவிட்டால் விதைப்பு போச்சு.

"டயரு சும்மா சுத்துது பாய், வண்டி நவுரவே மாட்டேங்குது. சீக்கிரம் ஊத்து."

"நல்ல தண்ணி தொட்டி காலிம்மா. பௌர்ணமி வருதில்ல, தண்ணி லாரியெல்லாம் கிரிவலப் பாதைக்குப் போயிடுச்சி. நாள கழிச்சி வா."

"நாள கழிச்சி வந்து புழுதியிலயா வெதைக்கிறது? போர் தண்ணியே ஊத்து. ரிம்மு என்னுதுதானே?"

"ரிம்மு உன்னுது. ஊத்துற கை என்னுது."

"அப்போ கைய கழட்டிக் குடு பாய், நானே ஊத்திக்கறேன்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். பாஷா சுவரைப் பார்த்தார். சில நாளில் உப்பு என்ன செய்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. மண்ணே தெரியாத எனக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும்?

கடைசியில் அவர் போர்வெல் குழாயைத் திறந்தார். அன்று வாயில் ஊற்றிப் பார்க்கவில்லை. வால்வு துளையைச் சுற்றி விரலால் கிரீஸ் தடவினார். தட்டினார், கோடு போட்டார்.

"வேலை முடிஞ்சதும் வந்து தண்ணிய எறக்கிடணும். மறக்கக் கூடாது."

"வரேன் பாய், வரேன்." வண்டி அதற்குள் சாலை ஏறிவிட்டது.

அக்கா தண்ணீரை இறக்கப் போகவில்லை. ஐந்து கொல்லை முடிந்ததும் ஆறாவது வந்தது, அப்புறம் ஏழாவது. நல்ல தண்ணீர் லாரி வந்தபின்னும் வண்டி அந்தப் பக்கம் போகவில்லை.

பௌர்ணமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, திரௌபதி அக்கா வீட்டு வாசலில் பாஷாவின் டிவிஎஸ் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் கேன்கள், பின்னால் ஜாக்கி.

"நான்தான் வரேன்னு சொன்னேனே பாய். கடைய மூடிட்டு வந்துட்டியா?" அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது.

"நீ சாப்புடும்மா. அரை மணி நேர வேலை."

முழங்கால் பட்டைகளைக் கட்டிக்கொண்டார். வால்வை அடிப்பக்கம் கொண்டுவந்து ஊசியை எடுத்ததும் தண்ணீர் பீய்ச்சி அடித்து, பிறகு ஒழுகி, சொட்டி நின்றது. மறுபடி சக்கரத்தைச் சுற்றி, கேனில் கொண்டுவந்த நல்ல தண்ணீரை ஊற்றி, குலுக்குவது போல முன்னும் பின்னும் உருட்டி, இறக்கினார். அதை உள்ளங்கையில் பிடித்து வாயில் ஊற்றிக்கொண்டார். உப்புக் கரிப்பில் முகம் சுளித்துத் துப்பினார். அடுத்த கேனைத் திறந்தார்.

அதுவும் டியூபுக்குள் போய்ச் சுற்றி வெளியே வந்தது. அவர் மறுபடியும் உள்ளங்கையைக் குவித்து வால்வுக்குக் கீழே நீட்டினார்.