முருகன் துணை போட்ட மிரட்டல் கடிதம்

நேற்று டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். முதலாளியின் ரகசியத்தைத் தெரிந்துகொண்ட குமாஸ்தா, சிகரெட் புகையை ஊதியபடி, "என்ன சார், யோசிச்சீங்களா?" என்று மிரட்டுகிறான். என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து போய்விட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, இந்த மாதிரிப் படம் பார்த்துக் கெட்டுப்போனவள் நான்.

பல வருஷங்களுக்கு முன்னால் காரைக்குடியில் ஒரு மருந்துக் கம்பெனிக் கிடங்கில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்காலி உண்டு. பெட்டி கட்டும் பெண்களுக்குக் கிடையாது, நாள் முழுக்க நிற்கவேண்டும். ஒருநாள் வள்ளியக்கா கால் வீங்கி, பெட்டிமேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டாள். "உக்காரவா சம்பளம்?" என்று மேனேஜர் கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் இதே மாதிரி ஒரு பழைய படம். போதாதா? மறுநாள் இடது கையால் எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன். "உங்கள் ரகசியம் எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் பெண்களுக்கு பெஞ்சு வராவிட்டால் நடப்பதே வேறு." என்ன ரகசியம்? எனக்கா தெரியும்! அதைவிடக் கூத்து, கைப்பழக்கத்தில் மேலே பிள்ளையார் சுழி போட்டு 'முருகன் துணை' என்றும் எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் சாமான் சீட்டுக்குக்கூட அது இல்லாமல் கை ஓடாது.

முருகன் துணை போடுகிற ஆள் யார் என்று மேனேஜர் லீவு லெட்டர் ஃபைலைப் புரட்டினார். நான் லீவே எடுத்ததில்லை. வள்ளியக்காவின் லெட்டரில் மட்டும் முருகன் துணை இருந்தது.

"சத்தியமா நான் எழுதல சார், கைப்பிள்ளக்காரி சார்" என்று அழுதாள். அன்றே அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். நான் மூன்றடி தள்ளி பில் எழுதிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. என் வேலை போய்விடுமே என்ற பயம், வேறொன்றுமில்லை.

அடுத்த வாரமே இரண்டு பெஞ்சு வந்தது. மனுஷருக்கு நிஜமாகவே ஏதோ ரகசியம் இருந்திருக்கிறது!

இப்போது அந்தக் கிடங்கும் இல்லை, தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. போன மாசம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, வள்ளியக்காவைத் தேடி அவள் ஊரான அமராவதிபுதூர் போனேன். வீட்டில் அவள் மகள்தான் இருந்தாள்.

"அம்மா தவறி நாலு வருசமாச்சே. நீங்க எங்கிட்டு இருந்து வாரீக?"

"அம்மாகூட வேலை பார்த்தவ."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உங்களுக்குத் தெரியுமே! அம்மா லெட்டர் எழுதி மேனேஜரையே மெரட்டி, எல்லாருக்கும் பெஞ்சு வாங்கிக் குடுத்துச்சாமே? சாகுற வரைக்கும் அதத்தான் பெருமையாச் சொல்லும்."

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். என்னை மன்னிக்க வேண்டியவளும் போய்விட்டாள். இனி உண்மையைச் சொன்னால், அவளுக்கு மிஞ்சியிருந்த அந்தப் பெருமையையும் பிடுங்கியவளாவேன்.

"ஆமா தாயி, உங்கம்மாதான் எழுதுனாக" என்றேன்.